மிரளாத குட்டி

சிவகாசியில் வெடிச் சத்தத்துக்கு மிரளுகிறவர்கள் இரண்டே வகை. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பாங்க்காரர்கள் ஒன்று, நாலு கால் ஜீவன்கள் இன்னொன்று. பாங்க்காரர்கள் ஒரு தீபாவளிக்குள் பழகிவிடுவார்கள். நாய்க்கும் பூனைக்கும் அது பழகாது. சாயங்காலமானால் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அப்போது கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்த பூனையை மீன் வாசனை காட்டினால்கூட வெளியே இழுக்க முடியாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பூனைக்கும் இதுதான் விதி.

ஹாஃபிஸா வீட்டுப் பூனைகள் மட்டும் ஓடாது. அவளுடைய பெருமை எல்லாம் அதில்தான் இருந்தது.

அவள் புருஷன் சாதிக் பாட்சா காலண்டர் ஏஜெண்ட். ஜவுளிக்கடை, நகைக்கடை, பட்டாசுக் கம்பெனி என்று படியேறி ஆர்டர் பிடித்து, இங்கே அச்சடித்து அனுப்புகிறவர். வருஷத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான் இருப்பார். ஒரே மகன் பைசல் படிப்புக்காக வெளியூர் போனதும் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் போயிற்று. சென்னைக்கு ஆர்டர் எடுக்கப் போன சாதிக் பாட்சா, அங்கே பெர்சியன் பூனை வளர்த்து விற்கிற ஒருவரிடம் ஒரு ஜோடிக் குட்டியை வாங்கிவந்து பெண்டாட்டி மடியில் போட்டார். சுத்த வெள்ளை, நீலக் கண், சப்பை மூக்கு. பெட்டைக்கு நூரி என்றும் கடுவனுக்கு சுல்தான் என்றும் அவள் பெயர் வைத்தாள்.

சென்னைக்காரர் கொடுக்கும்போதே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். பிறகு போனிலும் அதையே சொன்னார். இரண்டும் வெள்ளை, வளர்க்கலாம், ஆனால் இரண்டையும் இணை சேர்க்க வேண்டாம். குட்டி வேண்டுமென்றால் நூரிக்குக் கலர் கடுவனாகப் பார்க்க வேண்டும், தன்னிடமே ஒன்று இருக்கிறது. ஹாஃபிஸா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது புரியாதா? இன்னொரு பூனையையும் தலையில் கட்டப் பார்க்கிறார் மனுஷன். நல்ல புத்தி சொல்கிறவனும் சரக்கு விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால், நம்மவர்கள் சரக்கை மட்டும்தான் பார்ப்பார்கள்.

நூரி முதல் ஈற்றில் நாலு குட்டி போட்டாள். ஒன்று பிறந்த மறுநாளே அம்மாவுக்கு அடியில் நசுங்கிச் செத்தது. "தலைச்சன் ஈத்து, அசதியில படுத்துட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மிச்சம் மூன்றும் தளதளவென்று வளர்ந்து கூடத்தில் உருண்டுகொண்டிருந்தபோது, வாசலில் எவனோ ஒரு லட்சுமி வெடியைப் போட்டான். இரண்டு குட்டி சிதறி ஓடின. ஒன்று மட்டும், மல்லி என்று பிறகு பெயர் வாங்கியது, காலண்டர் நூலைக் கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அடி ஆத்தி! இதப் பாருங்களேன்" என்று ஹாஃபிஸா கூவினாள். "அசையுதா பாருங்க!"

சாதிக் பாட்சாவுக்கு அதிலே வியாபாரம் தெரிந்தது. "கம்பெனில சரக்க வெடிச்சுப் பாத்துத்தான லேபிள் ஒட்டுறான்? நம்மளும் சாம்பிள் பாத்துருவோம்" என்றார்.

அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஈற்றுக் குட்டியும் ஓடி விளையாடுகிற பருவம் வந்ததும் கொல்லைப்பக்கம் கொண்டுபோவார்கள். நடுவில் குட்டிகள், சுவரோரம் ஒரு வெடி. ஓடினவை கழிவு. அவற்றை 'எங்க ஊருக்கு ஆகாது' என்று சொல்லித் திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் ஹாஃபிஸா தள்ளிவிடுவாள். அசையாமல் உட்கார்ந்தது முதல் தரம். அதை உள்ளூரில் கேட்டு வாங்கிப் போவார்கள், அல்லது அவளே வைத்துக்கொள்வாள். மல்லி அப்படி நின்றவள்தான். ஈற்றுக்கு ஈற்று மிரளாத குட்டிகள் கூடிக்கொண்டே வந்தன. தன் கை ராசி என்று அவள் நினைத்துக்கொண்டாள். தன் குஞ்சு பொன் குஞ்சு.

நூரியைக் கூப்பிட்டால் திரும்பாது. "ராணிக்கு நம்ம கூப்புட்டு வந்தா கௌரவக் கொறைச்சல்" என்பாள் ஹாஃபிஸா. நூரி கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மைக்செட்டை முழுங்கிய பூனை என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்வார்கள். தூங்கும்போது தொட்டால் துள்ளி எழுந்து கையைக் கவ்விவிடும். எல்லாம் ராணித்தனம் என்றே கணக்கு வைக்கப்பட்டது. பூனை ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, வீடு வேறொன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளைத்துரை அண்ணாச்சி அவள் பெருமையை ஊர் முழுக்கத் தொங்கவிட்டார். அவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. சாதிக் பாட்சாவின் பெரிய ஆர்டர் அவருடையதுதான். ஒரு வருஷம் அவருடைய காலண்டரில் நூரியின் படம் வந்தது. எரிகிற புஸ்வாணத்துக்குப் பக்கத்தில், பொறி சிதறச் சிதற, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில், ரேஷன் கடையில், லாரி ஷெட்டில் எல்லாம் நூரிதான். "பூனைக்கார பாயம்மா வீடு எது?" என்று கேட்டால் குழந்தைகூடக் காட்டும். புருஷன் பெயரால் இல்லாமல் தன் பெயரால் ஒரு வீடு அறியப்படுவது எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்? ஹாஃபிஸா அந்தப் பெயரை நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அதில் முதல் கீறல் விழுந்தது சங்கிலிமுத்துவால். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் அவர். அவருடைய அப்பா காலம்வரை காட்டுவேலை. இவர்தான் முதலில் கம்பெனிக்குள் போய்ப் படிப்படியாக மேலே வந்தவர். ஆசைப்பட்டு மிரளாத குட்டி ஒன்றை வாங்கிப்போய்ப் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து நின்று, உள்ளே வரமாட்டேன் என்று அழுதார்.

"காலைல ஆளு ஏத்துற வேனு ரிவர்ஸ் எடுத்துச்சுக்கா. டிரைவர் ஹாரன் அடிச்சான், நாங்களும் கத்துனோம். அது நகரலைக்கா. ராசா மாதிரி மூஞ்சியக் களுவிக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

ஹாஃபிஸாவுக்குக் கண் கலங்கிற்று. ஆனாலும் என்ன சொன்னாள் தெரியுமா? "வெடிக்கே பயப்படாதது, வேனுக்கா தம்பி பயப்படும்? அதோட தைரியமே அதுக்கு எமனாப் போச்சு." சங்கிலிமுத்து தலையாட்டினார். அந்தத் துக்கத்திலும் அவளுக்கு உள்ளே ஒரு ஓரத்தில் பெருமை இருந்தது. அதை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த ஈற்றில் நூரி மூன்று குட்டி போட்டாள். சாதிக் பாட்சா ஊரில் இல்லை. ஒருநாள் காலையில் ஹாஃபிஸா அடுப்படியில் தேங்காய் அரைத்துவிட்டு வந்து பார்த்தபோது, நூரி கூடைக்குள் அகலமாகப் படுத்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். குட்டிகள் கண்ணில் படவில்லை. அவளைத் தூக்கியபோது மூன்றும் அடியில் கிடந்தன. ஒன்றின் வாய் திறந்தபடியே இருந்தது. அது கத்தியிருக்கிறது.

பால் குடிக்கக் குட்டி இல்லாமல் நூரியின் மடி வீங்கிக் காய்ச்சல் கண்டது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மதுரையில் பூனை வைத்தியம் நன்றாகப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்ட டாக்டர் தனுஷ்கோடியிடம் போனாள். மனுஷர் வாயில் சிரிப்பு வராது. மடியைப் பார்த்தார், ஊசி போட்டார், குட்டிகள் எப்படிச் செத்தன என்று கேட்டார்.

"மேல படுத்துட்டா டாக்டர். கத்திருக்கும். இவ எந்திரிக்கவே இல்ல."

அவர் நூரியின் கண்ணைப் பார்த்தார். எழுந்து அதன் முதுகுப்பக்கமாகப் போய், இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து ஓங்கி ஒன்றோடொன்று அடித்தார். ஹாஃபிஸா திடுக்கிட்டு நாற்காலியோடு பின்வாங்கினாள். வெளியே காத்திருந்த நாய் குரைக்க ஆரம்பித்தது. நூரி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க பூனைக எதுக்கும் பயப்படாது டாக்டர்" என்றாள் ஹாஃபிஸா. அந்த நேரத்திலும் அவள் குரலில் பெருமை இருந்தது.

டாக்டர் இன்னொரு தரம் அடித்தார். "காதைப் பாருங்கம்மா. பயப்படுறது வேற, காது திரும்புறது வேற. எம்புட்டு தைரியமான பூனையா இருந்தாலும் சத்தம் வந்த பக்கம் காது திரும்பணும். தூக்கத்துலகூடத் திரும்பும். இவளுக்கு அசையவே இல்ல. இவ பிறவிச் செவிடு."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். முடியை வெள்ளையாக்குகிற அதே மரபுக்கூறு சில பூனைகளுக்குக் காதையும் கெடுத்துவிடும். கண்ணும் நீலமாக இருந்தால் அந்த ஆபத்து ரொம்ப அதிகம். அப்பனும் வெள்ளை, ஆத்தாளும் வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பொறுப்பாக வளர்க்கிறவர்கள் குட்டிகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துத்தான் மேற்கொண்டு இணை சேர்ப்பார்கள். கேட்காததை அன்பாக வைத்து வளர்ப்பார்கள், அதிலிருந்து குட்டி எடுக்க மாட்டார்கள்.

"நீங்க குட்டில எதை வச்சுக்கிட்டீங்க, எதை வித்தீங்க?"

அவள் வெடி வைத்துப் பார்ப்பதைச் சொன்னாள். டாக்டர் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப காது கேக்குறது பூரா ஓடியிருக்கும். அதையெல்லாம் கழிச்சு ஊரைவிட்டு அனுப்பிட்டீங்க. கேக்காததாப் பாத்துப் பொறுக்கி, அதையே வீட்டுலயும் ஊருக்குள்ளயும் நிறைச்சிருக்கீங்க. செவிட்டுப் பூனையாவே ஒரு வம்சம் உண்டாக்கணும்னு யாராவது திட்டம் போட்டாக்கூட இதைவிடச் சுத்தமாச் செய்ய முடியாதும்மா."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹாஃபிஸா அழவில்லை. அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ராசா மாதிரி உட்கார்ந்திருந்தது என்று சங்கிலிமுத்து சொன்னாரே, அது ராசாவுமில்லை, தைரியமுமில்லை. பின்னால் சாவு வருவது தெரியாமல் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒரு செவிட்டு ஜீவன். குட்டிகள் கத்தியபோது நூரிக்குத்தான் காதில்லை. காது இருந்தவள் அடுப்படியில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு இருந்தாள். சென்னைக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இப்போது நெஞ்சில் எரிந்தது.

ஊரிலிருந்து திரும்பிய சாதிக் பாட்சாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தட்டை அடித்துக் காட்டியதையும் சொன்னாள். அப்போது கூடத்தில் அவருடைய தங்கச்சி அமீனாவும் இருந்தாள். விருதுநகரில் பருப்பு வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இனி குட்டி எடுக்கக் கூடாதுங்க. இதுகளுக்கு ஆபரேஷன் பண்ணிருவோம். வாங்குனவுகளுக்கும் சொல்லிரணும், வேனு கீனு வர்ற எடத்துல விடாதீகன்னு."

"ஒனக்குக் கிறுக்கா? வெள்ளைத்துரை முதலாளிக்கு ஜோடிக் குட்டி தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவரு காலண்டர் ஆர்டர்லதான் நம்ம அடுப்பு எரியுது. செவிட்டுப் பூனையத் தலையில கட்டிட்டேன்னு ஊருல பேசுனா எவன் வாசப்படில ஏத்துவான் என்னய?"

"அதுக்காக மறைக்கச் சொல்லுறீகளா?"

"மறைக்கச் சொல்லல. பேசாம இருன்னு சொல்லுறேன்."

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெள்ளைத்துரை வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் அவர் எப்படித் திட்டுவார், காலண்டர் ஆர்டரை நிறுத்தினால் புருஷனுக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்தாள். ஆனாலும் கால் நிற்கவில்லை. செய்த பாவத்தில் பாதியையாவது இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"வாங்கம்மா, வாங்க. சாதிக் பாய் வரலையா?" என்று அவர் எழுந்தே வரவேற்றார். நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல முடியாது. காபி வரச் சொன்னார். அவள் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வெள்ளைத்துரை கவனமாகக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப எத்தன வெடி போட்டாலும் கேக்கவே கேக்காதா?"

"கேக்காது அண்ணாச்சி."

"நெசமாவா? அடடா! இதச் சொல்லவா இம்புட்டு வருத்தப்பட்டு வந்தீக? எங்க வீட்டுல ஒரு பொமரேனியன் இருந்துச்சும்மா. போன தீபாவளியன்னிக்கு நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போச்சு. எம் மக மூணு நாளு சாப்பிடல. இந்த ஊருல வளக்குறதுக்குச் செவிட்டுப் பூனதாம்மா லாயக்கு. அதுக்குத் தெனமும் நிம்மதி!"

"குட்டி கத்துனா அதுக்குக் கேக்காது அண்ணாச்சி. வண்டி வந்தாக் கேக்காது. நம்ம கூப்புட்டாக் கேக்காது."

"வீட்டுக்குள்ளதான இருக்கப் போகுது, வண்டி எங்கிட்டு வரும்? கூப்புட்டா வர்றதுக்கு நாயா அது? எங்க கம்பெனில வெடிச்சுப் பாக்குற எடத்துல பத்து வருசம் நின்னவன் எவனுக்கும்மா காது சரியாக் கேக்குது? பொளைக்கலையா? புள்ள குட்டி பெத்துக்கலையா?" அவர் மனதாரச் சிரித்தார். "எனக்கு ரெண்டு, எங்க மச்சினனுக்கு ரெண்டு. ஆனா ஒண்ணு, செவிடுதான்னு உறுதியா இருக்கணும். பெறகு வெடிச் சத்தம் கேட்டு ஓடுச்சுன்னு வைங்க, திருப்பித்தான் அனுப்புவேன்."

அவள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அவள் விஷயத்தில் அந்தக் குரங்குக்கு ஊரே மாலை போட்டது. ஒரே வாரத்தில் சேதி பரவி, ஆள் மேல் ஆள் வந்தார்கள். முன்பெல்லாம் தைரியமான குட்டி வேண்டும் என்று கேட்டவர்கள், இப்போது கூச்சமே இல்லாமல் "அந்தக் காது கேக்காத சாதி இருக்காமே" என்று கேட்டார்கள். அது நோய், அது குறை, நான் செய்த தப்பு என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அது எல்லாமே அவர்களுக்கு உத்தரவாதச் சீட்டாகத்தான் பட்டது. சங்கிலிமுத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். அவர் ஒருவர்தான் குட்டி கேட்கவில்லை.

நூரியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மதுரைக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை முடித்துக் கூட்டிவந்தாள். சுல்தானையும் மல்லியையும் அடுத்த வாரம் கொண்டு போவதாக டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் இல்லை.

"அமீனா வீட்டுல விட்டுட்டேன்" என்றார் சாதிக் பாட்சா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ மனசக் கெடுத்துக்காத. பாவமோ புண்ணியமோ, இனி அது எங்க பாடு."

"அது அப்பனும் மகளும்ங்க! இத்தன நாளு பிரிச்சுல்ல வச்சிருந்தேன்!"

"பூனைக்கு எதுடி அப்பன் மக?"

அன்றிலிருந்து அவள் அவருக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அமீனா வீட்டுப் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் சபதம் போட்டாள். ஆனால் மல்லி ஈன்றுவிட்டது என்று போன் வந்த பிறகு அவளால் இருப்புக்கொள்ள முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சில வாரம் ஓட்டினாள். அதற்குமேல் முடியாமல் ஒருநாள் விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"வாங்க மதினி! நீங்க வரமாட்டீகன்னுல்ல அண்ணன் சொன்னாக" என்று அமீனா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அமீனாவிடம் கள்ளமில்லை. தன் சாமர்த்தியத்தைக் காட்ட ஆள் கிடைத்த சந்தோஷம்தான். "நாலு போட்டுச்சு மதினி. ஒண்ணு அடில நசுங்கிருச்சு. மிச்சம் மூணு. இப்பப் பாருங்க."

குட்டிகள் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருந்தன. அமீனா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, அவற்றின் பின்னால் போய்க் கரண்டியால் ஓங்கி அடித்தாள். இரண்டு குட்டி தம்பாட்டுக்குக் கட்டிப் புரண்டன. மூன்றாவது முதுகைத் தூக்கிக்கொண்டு எகிறி, மூட்டைக்குப் பின்னால் ஓடி மறைந்தது.

"எங்கன கத்துக்கிட்டே இத?" ஹாஃபிஸாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்கதான மதினி அன்னிக்குச் சொன்னீக, டாக்டர் தட்டைத் தட்டிப் பாத்தாருன்னு. வெடிகிடி ஒண்ணும் வேணாம், இதுவே போதும். இந்த ரெண்டும் தேறிருச்சு, வெள்ளைத்துரை வீட்டுக்குப் போகுது. அந்த ஒண்ணுதான் கழிவு."

டாக்டர் வாயிலிருந்து வந்ததை, தான் நெஞ்சு வெடிக்கச் சொன்னதை, இந்த வீடு எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறது! ஹாஃபிஸாவுக்கு அமீனாவை அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை அறைய? சாம்பிள் பார்க்கிற புத்தியை இந்தக் குடும்பத்துக்குப் பழக்கியதே அவள் கைதானே.

அவள் மூட்டை ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். "வாடா செல்லம்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். இருட்டுக்குள் இரண்டு வெள்ளைக் காதுகள் அவள் பக்கமாகத் திரும்பின. பேச்சை நிறுத்தினாள், காதுகள் நின்றன. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி திரும்பின. பிறகு குட்டி தயங்கித் தயங்கி வெளியே வந்து அவள் விரலை முகர்ந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ குட்டிகளைத் தூக்கி வளர்த்தவள், தன் குரலுக்கு ஒரு பூனை வருவதை அன்றைக்குத்தான் உன்னித்துப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"இத எனக்குக் குடு."

"இதையா? எதுக்கு மதினி? அங்கன சிவகாசில இது தாங்காது."

"குடுன்னா குடு."

பெட்டைக் குட்டி அது. ஹாஃபிஸா பெயர்கூட வைக்கவில்லை, "ஏலே" என்றாலே ஓடி வந்தது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கூடத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டே வரும். தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஜன்னல் பக்கம் காதைத் திருப்பும். அவளுக்குள் அணைந்து போயிருந்த ஒன்று மறுபடி பற்றிக்கொண்டது. இது வளரட்டும். சென்னைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன கலர் கடுவனை வரவழைக்கலாம். காது கேட்கிற குட்டிகளாக, நிறம் எதுவானாலும் சரி, ஒழுங்காக ஒரு வம்சத்தை ஆரம்பிக்கலாம். பூனைக்கார பாயம்மா என்ற பெயரை ஒருநாளாவது யோக்கியமாகச் சுமக்கலாம்.

ஆடி கழிந்து சீசன் சூடுபிடித்தது. ஆர்டர் குவியக் குவிய, சாயங்காலம் மட்டும் இருந்த சாம்பிள் வெடி பகலிலும் கேட்க ஆரம்பித்தது. முதல் சரவெடிக்குக் குட்டி பீரோவுக்குப் பின்னால் போனதுதான், மறுநாள்வரை வரவில்லை. வந்தபோதும் தட்டில் வாய் வைக்கவில்லை. ஜன்னலில் ஜமுக்காளத்தைக் கட்டினாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தச் சின்ன உடம்பு விறைத்தது, இருந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டது. நாலே வாரத்தில் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அவள் கூப்பிட்டால்கூட இப்போது நடுங்கியது. அதற்கு எந்தச் சத்தமும் சத்தம்தான்.

கூடத்தின் நடுவில் நூரி மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்துத் தெருவில் பெரிய சரம் ஒன்று ஓயாமல் வெடித்தது. குட்டி அவள் புடவையைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி, கழுத்தில் நகம் பதியத் தொற்றிக்கொண்டது. ஹாஃபிஸா தன் இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதுகளைப் பொத்தினாள். சரம் ஓயும்வரை அப்படியே நின்றாள். வெள்ளைத்துரை அண்ணாச்சி சொன்னது காதில் ஒலித்தது. இந்தக் காது கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவளே நினைத்துவிட்டாள். நினைத்ததும் உடம்பு கூசிற்று.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போனாள். டாக்டர் தனுஷ்கோடி குட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மெலிஞ்சிருக்கு. மத்தபடி அருமையான குட்டி. காது ரெண்டும் சுத்தம். பெரிசானதும் ஒரு கலர் கடுவனோட சேத்தீங்கன்னா நல்லபடியா ஆரம்பிக்கலாமே. அதானே போன்ல கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"வேணாம் டாக்டர். வெடிச் சத்தம் இல்லாத ஊராப் பாத்து, நல்ல வீடா ஒண்ணுல விட்டுருங்க. குட்டியெல்லாம் எடுக்க வேணாம், சும்மா வளத்தாப் போதும்னு சொல்லிக் குடுங்க."

அவர் அவள் கழுத்தில் இருந்த நகக் கீறல்களைப் பார்த்தார். பிறகு குட்டியை வாங்கிக்கொண்டார். அவள் வாசலைத் தாண்டும்போது குட்டி உள்ளேயிருந்து கத்தியது. அவள் "ஏலே" என்று ஒரு தரம் குரல் கொடுத்தாள். கத்தல் நின்றது. அது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தெரிந்ததால் அவள் மறுபடி கூப்பிடவில்லை.

வெறுங்கூடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது சாதிக் பாட்சா கூடத்தில் சாம்பிள் காலண்டர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தொடையில் தலைவைத்து நூரி உறங்கினாள்.

"எங்க அந்தக் குட்டி?"

"மதுரைலயே விட்டுட்டேன்." எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "நம்ம ஊருல அது பொளைக்காதுன்னு நான் அப்பவே நெனச்சேன். எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்."

அவர் பொய் சொல்லியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். அவர் சொன்னது உண்மை. ஹாஃபிஸா கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவருக்குச் சோறு போட அடுப்படிக்குப் போனாள்.